அக்கா வாங்கிக் கொடுத்த லேப்டாப் – நாலரை வருடக் கணக்கு

எங்கள் தெருவில் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் பையன்கள் மூன்று பேர். மூன்று பேரும் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "ண்ணா, காலேஜுக்கு லேப்டாப் வாங்கணும். எது ண்ணா நல்லா இருக்கும்?"

என்னமோ நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் மாதிரி! நான் படிப்பது பி.காம், கடைசி வருடம். எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும். அதுவும் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரிதான் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரே லேப்டாப்போடு நாலரை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதன் நல்லது கெட்டது எல்லாம் அத்துப்படி. ஒவ்வொருத்தனுக்கும் டீக்கடையில் நின்று சொல்வதைவிட ஒரே தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் அது அக்காவைப் பற்றியும் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயர், மாடல் எதுவும் சொல்லப்போவதில்லை. முப்பது, முப்பத்தைந்தாயிரம் விலைக்கு எல்லாக் கம்பெனியிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. குறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கம்பெனி பெயர் தெரிந்தால் சண்டைதான் வரும், புத்தி வராது :-)

எங்க ஊர்

நான் இருப்பது சுங்குவார்சத்திரம் பக்கம். பெங்களூர் ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வருமே, அதே ஊர்தான். காலையில் ஐந்தரை மணிக்கு ரோட்டுக்கு வந்து பார்த்தால் கம்பெனி பஸ்களாகத்தான் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2006-ல் நோக்கியா வந்தது, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றும் போனது. 2007-ல் டெல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தொழிற்சாலை ஆரம்பித்தது. எச்.பி. லேப்டாப்கள் இங்கே ஃபிளெக்ஸ் தொழிற்சாலையில் தயாராவதாக 2021 டிசம்பரில் செய்தி வந்தது. இந்தப் பக்கம் ஒரகடம் போனால் கார், லாரி, புல்லட், டயர் என்று வரிசையாக இருக்கிறது.

ஆக, எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் லேப்டாப் செய்கிறார்கள். ஆனால் நாங்கள் வாங்கப் போனது காஞ்சிபுரத்துக்கு. வாங்கி வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் "சீனாவில் தயாரிக்கப்பட்டது" என்று இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சீனாவுல செஞ்சத வாங்க காஞ்சிபுரம் எதுக்குடா போனீங்க? இங்கியே எதுனா கம்பெனி கேட்டாண்ட போய் நின்னா ஒண்ணு குடுத்திருக்க மாட்டானா?" என்று கேட்டார். பாவம், கேட்டில் செக்யூரிட்டி போனைக்கூட வாங்கி வைத்துக்கொள்வான் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பிளஸ் டூ முடித்ததிலிருந்து கம்பெனி வேலைதான். இப்போது இருப்பது மூன்றாவது கம்பெனி. எலக்ட்ரானிக்ஸ் லைனில் திருகு போடுகிற வேலை. என்ன பொருள், எந்தக் கம்பெனி என்று எழுதக்கூடாது என்பது அக்கா உத்தரவு.

முதல் லேப்டாப்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் லேப்டாப் 2014-ல் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப். இந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அடுத்த எட்டு வருடங்களில் ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அப்போது கம்ப்யூட்டர் என்றாலே அதுதான்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. கறுப்பாக, கனமாக, ஒரு செங்கல் மாதிரி இருக்கும். உள்ளே விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று, இரண்டும் இருக்கும். பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கியது. ஆரம்பிக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எனக்குப் படிக்கத் தெரியாமல் பாதி நாள் பாஸில்தான் போய் விழுவேன். அதில் படம் வரைந்தே பொழுது போனது.

அந்தச் செங்கல்லில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அடியில் இரண்டு பூட்டை நகர்த்தினால் பேட்டரி தனியாகக் கையில் வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு நேராக கரண்டிலும் ஓட்டலாம். இன்னும் இரண்டு திருகைக் கழற்றினால் ரேம் தெரியும். நான் ஆறாவது படிக்கும்போதே அதைக் கழற்றி மாட்டியிருக்கிறேன் (அக்காவுக்கு இன்று வரை தெரியாது. இனி தெரிந்துவிடும்). ஆறு வருடம் உழைத்தது.

அப்போது எனக்கு இது ஒரு விசேஷமாகவே படவில்லை. எல்லா லேப்டாப்பும் இப்படித்தான் திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்கிய கதை

2021. பத்தாவது ஆல் பாஸ். பிளஸ் ஒன்னில் காமர்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். கொரோனாவால் பாடம் எல்லாம் போனில். ஒரு போன், அது அப்பாவுடையது. அவர் வேலைக்குப் போனால் வகுப்பும் அவரோடு போய்விடும்.

ஆகஸ்ட் மாதம் அக்கா என்னைக் காஞ்சிபுரம் கூட்டிப்போனாள். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு இருந்த நேரம். கேட்டது எதுவும் கடையில் இல்லை. இருந்ததில் ஒன்று: 15.6 இன்ச், ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ்கூட உண்டு. விலை 35,000. மாதம் 2,917 வீதம் 12 மாதத் தவணை.

கடைக்காரர் எல்லாவற்றையும் எண்ணில் சொன்னார். இத்தனை ஜிபி, இத்தனை டிபி, இத்தனை இன்ச். நானும் பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். அக்கா மட்டும் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து, அடியில் இருந்த திருகுகளை எண்ணினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அக்கா, கம்பெனி லைன்ல இருக்கற மாதிரி பண்ணாத" என்று காதில் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வருடமும் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. எல்லாம் போனாள்.

பலம்

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கீபோர்டு. வலது பக்கம் தனியாக எண் பலகை உண்டு. காமர்ஸ் பசங்களா, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 14 இன்ச்சில் பெரும்பாலும் இது இருக்காது. டேலியில் ஒரு நாளைக்கு நூறு வவுச்சர் போடும்போது மேல் வரிசை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். நாலரை வருடத்தில் ஐந்தாம் எண் கீயின் எழுத்து தேய்ந்துபோனது, கீ தேயவில்லை.

இரண்டு, ஓட்டைகள். பென்டிரைவ், எச்.டி.எம்.ஐ, நெட் கேபிள் எல்லாம் நேராகச் செருகலாம். காலேஜில் செமினார் அன்று மெலிசான லேப்டாப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் "அந்த கனெக்டர் இருக்கா, இந்த கனெக்டர் இருக்கா" என்று அலையும்போது நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

மூன்று, டிவிடி டிரைவ். சிரிக்காதீர்கள். டிவிடி யாரும் போடுவதில்லைதான். அந்த இடம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது, சொல்கிறேன்.

நான்கு, சத்தமில்லாத வேலை. எக்செல், டேலி, ஜி.எஸ்.டி. போர்ட்டல், அக்காவின் பி.எஃப். பாஸ்புக், தெருவில் யாருக்காவது ஒரு விண்ணப்பம். இதற்கெல்லாம் இது போதும். பட்டதாரி ஆவதற்கு இதற்கு மேல் தேவைப்படவில்லை.

பலவீனம்

ஒன்று, வேகம். ஆரம்பத்தில் ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். நான் குற்றம் சொன்னது ஐ3-யை. தப்பு. குற்றவாளி ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும், அதன் மேல் ஊசி ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது, எல்லாம் சிப்தான். 2022 கடைசியில் 1,800 ரூபாய்க்கு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டேன். நான்கு நிமிடம் அரை நிமிடம் ஆனது. பழைய ஹார்ட் டிஸ்க்கை, டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 350 ரூபாய் கேடி ஒன்றில் வைத்து மாட்டினேன். சொன்னேன் அல்லவா!

இரண்டு, ரேம். 4 ஜிபி போதவில்லை. பழைய அரசாங்க லேப்டாப்பின் ரேம் சும்மா கிடக்கிறதே என்று கழற்றி இதில் மாட்டப் பார்த்தேன். உட்காரவே இல்லை. அது டி.டி.ஆர். 3, இது டி.டி.ஆர். 4. இரண்டுக்கும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது, அழுத்தினால் உடைந்துவிடும். நல்லவேளை, இதில் ஒரு இடம் காலியாக இருந்தது. புதிதாக 4 ஜிபி, 1,300 ரூபாய்.

மூன்று, திரை. நேராகப் பார்த்தால் வண்ணம், கொஞ்சம் சாய்ந்தால் நெகட்டிவ் போட்டோ. அகலத்தில் 1,366 புள்ளிதான் என்பதால் எக்செலில் பாதி காலம் வெளியே நிற்கும்.

நான்கு, பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை உண்டு. மூன்றாம் வருடம் எடுத்துப் பார்த்தேன். புதிதாக இருந்தபோது 41 வாட்-ஹவர் தாங்கியது, அப்போது 16-க்கு வந்திருந்தது. லித்தியம் பேட்டரிக்கு இரண்டு விஷயம் ஆகாது: சூடு, எப்போதும் நூறு சதவீதத்தில் வைத்திருப்பது. எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதம் மத்தியானம் நாங்களே அரை வேக்காடு, பேட்டரி என்ன செய்யும்? நானோ ராத்திரி பகலாகச் சார்ஜரைப் பிடுங்கியதே இல்லை. இதில் கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஐந்து, தூசி. ஹைவே ஓரம், நாள் முழுக்க லாரி. மின்விசிறி இழுக்கும் காற்றோடு தூசியும் போய் உள்ளே ஒரு கம்பளமே நெய்துவிட்டது. லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து வேலை செய்வேன், அது காற்று போகும் வழியையும் அடைத்துக்கொண்டது.

ஆறு, ஹிஞ்ச். தமிழில் கீல். இதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

ஹிஞ்ச்

2023 நவம்பர். காலேஜில் முதல் செமஸ்டர். ஒரு நாள் ராத்திரி வலது மூலையைப் பிடித்து மூடியைத் தூக்கினேன். "டிக்" என்று ஒரு சத்தம். ஓரத்தில் பிளாஸ்டிக் வாய் பிளந்து நிற்கிறது. மூடப் போனால் இன்னும் பிளக்கிறது.

அக்கா தவணை கட்டி முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சொல்லத் தைரியம் இல்லை. செல்லோ டேப் ஒட்டினேன். மூடினால்தானே பிளக்கும் என்று மூடாமலே வைத்திருந்தேன். அக்கா வீட்டில் இருக்கும் நேரம் மேலே ஒரு துண்டைப் போட்டு, "தூசி படுதுக்கா" என்று சொல்லிவிடுவேன். இப்படி மூன்று வாரம். பகலில் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். காலேஜுக்கு லேப்டாப் எடுத்துப்போவதையும் நிறுத்திவிட்டேன். அசைன்மென்ட்டை ஃப்ரெண்ட் லேப்டாப்பில் அடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பி.எஃப். பார்க்க வேண்டும் என்று அவளே துண்டை எடுத்துவிட்டாள். டேப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எப்போ?"

"மூணு வாரம்..."

"மூணு வாரமா இத மூடி வெச்சினு இருக்கியா? அங்க லைன்ல ஒரு பீஸ் தப்பாப் போச்சுன்னா ஒடனே கைய தூக்கி சொல்லணும். சொல்லாம அடுத்த ஸ்டேஷனுக்கு தள்ளுனாத்தான் பெரிய தப்பு. தெரியுமா?"

திட்டு அவ்வளவுதான். பிறகு சமையலறைக்குப் போய் இட்லித் தட்டு ஒன்றும், பக்கத்து வீட்டு டி.வி. மெக்கானிக் அண்ணனிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட்டும் வாங்கி வந்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்து, பேட்டரியைப் பிரித்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி, எந்த இடத்துத் திருகோ அந்த வரிசையில் இட்லிக் குழியில் போட்டுக்கொண்டே வந்தாள். "ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. மாத்திப் போட்டா போர்டுல குத்திடும்" என்றாள். நடுவில் கையைப் பார்த்துச் சிரித்தாள். அங்கே மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி எர்த்தோடு இணைத்திருப்பார்களாம், உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க. "இங்க எர்த்துக்கு எங்கடா போறது?"

உள்ளே பார்த்ததும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். ஹிஞ்ச் இரும்பு, நன்றாகத்தான் இருக்கிறது. திருகும் நன்றாக இருக்கிறது. திருகு உட்கார பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னக் குமிழ் வைத்து, அதற்குள் ஒரு பித்தளை வளையம் பதித்திருக்கிறார்கள். அந்தக் குமிழ்தான் வேரோடு பெயர்ந்துவிட்டது. மூலையைப் பிடித்துத் தூக்கினால் பாரம் முழுக்க ஒரு பக்கக் குமிழுக்குப் போகும். ஹிஞ்ச் இறுகிப்போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

"எங்க டிரைவர்ல டார்க் வெச்சிருப்பாங்க. அதுக்கு மேல இறுக்குனா பிளாஸ்டிக் வெடிக்கும். கம்மியா இறுக்குனா ஆடி ஆடி கழண்டுடும். அன்னிக்கு கடையிலயே பாத்தேன், மூடி ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. நீதான் கம்பெனி லைன் மாதிரி பண்ணாதன்ன."

நான் என்ன பதில் சொல்ல?

மறுநாள் பக்கத்தில் ஒரு கடையில் கேட்டோம். அடிப்பகுதி முழுக்க மாற்ற வேண்டும், 4,500 ஆகும் என்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த விடுமுறையில் இரண்டு பேரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். மாடியில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த பாய் பித்தளை வளையங்களைத் திரும்ப வைத்து எபாக்ஸி போட்டு இறுக்கினார். முக்கியமாக, இரண்டு ஹிஞ்சையும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார். 1,600 ரூபாய். இன்று வரை பிளக்கவில்லை. அக்காவும் அவரும் அரை மணி நேரம் திருகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பி.காம். படித்த நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காமர்ஸ்காரன் கணக்கு

இனி நம்ம ஏரியா.

கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணைப்படி லேப்டாப்பின் ஆயுள் 3 வருடம். அதன்படி என் லேப்டாப் 2024 ஆகஸ்டிலேயே செத்துவிட்டது. மிச்ச மதிப்பு 5 சதவீதம் வைத்தால் 1,750 ரூபாய். வருமான வரிப் பாடத்தில் படித்தபடி கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், குறைந்து வரும் மதிப்பு முறையில். 35,000 முதல் வருடக் கடைசியில் 21,000. பிறகு 12,600. பிறகு 7,560. பிறகு 4,536. 31.3.2026 அன்று 2,721 ரூபாய் சொச்சம் (நடுவில் போட்ட எஸ்.எஸ்.டி, ரேமைச் சேர்க்காமல்).

நிஜச் செலவு: எஸ்.எஸ்.டி. 1,800, கேடி 350, ரேம் 1,300. இவை மூலதனச் செலவு, ஏனென்றால் லேப்டாப்பின் திறனைக் கூட்டின. மொத்தம் 3,450. ஹிஞ்ச் 1,600, பேட்டரி 2,300, சார்ஜர் 750, தூசி எடுத்துப் பேஸ்ட் போட்டது 400. இவை வருவாய்ச் செலவு, இருந்ததை இருந்தபடி வைத்தன. மொத்தம் 5,050. ஆக, வாங்கிய விலையோடு 43,500. வாங்கியதிலிருந்து மார்ச் வரை 55 மாதம் வைத்தால் மாதம் சுமார் 790 ரூபாய்.

வரவு: 2024 ஜூனிலிருந்து சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு டேலி என்ட்ரி போட்டுக் கொடுக்கிறேன். மாதம் 1,500. மார்ச் வரை 22 மாதம், 33,000. லேப்டாப் விலைக்கு இன்னும் 2,000 குறைகிறது. அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கவில்லை. "எனக்கு எக்செல் சொல்லிக்குடு, போதும்" என்றாள். லைன் லீடர் ஆக வேண்டுமானால் ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட் என்று ஷீட்டில் போடத் தெரிய வேண்டுமாம். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி சாப்பிட்டதும் வகுப்பு. கூட்டல் சூத்திரம் தாண்டி சதவீதத்துக்கு வந்திருக்கிறோம். நான் வாத்தியார் என்பதால் மட்டும் மரியாதை எதுவும் கிடைப்பதில்லை.

இந்தக் கணக்கில் எனக்குப் புரிந்தது இதுதான். சட்டம் 3 வருடம் என்கிறது. அந்த மூன்று வருடத்துக்குப் பிறகு ஆபீஸில் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். நம்ம வீட்டில் மூன்றாம் வருடத்துக்கு அப்புறம்தான் லேப்டாப் சம்பாதிக்கவே ஆரம்பிக்கிறது. ஆகவே கடையில் சொல்லும் வேகத்தைவிட, நான்காம் வருடம் அதைத் திறந்து சரிசெய்ய முடியுமா என்பதுதான் நமக்கு முக்கியம். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் விற்கும்போது, பழுதுபார்க்க எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நமக்கு மதிப்பெண் போட ஒரு அக்கா வேண்டியிருக்கிறது.

தம்பிகளுக்கு

கடைக்குப் போனால் ஜிபி, டிபி கேட்டு முடித்த பிறகு இதையும் கேளுங்கள்.

ரேமுக்குக் காலி இடம் இருக்கிறதா, இல்லை எல்லாம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா? எஸ்.எஸ்.டி. கழற்றி மாட்டக்கூடியதா? அடிமூடி சாதாரணத் திருகில் திறக்குமா? பேட்டரி தனியாக எங்கே கிடைக்கும், என்ன விலை? இந்தக் கேள்விகளுக்குக் கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, அதைப் பிரித்துக் காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு விரலில் தூக்கும்போது அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தால் ஹிஞ்ச் இறுக்கம் என்று அர்த்தம். வாங்கிய பிறகு எப்போதும் நடுவில் பிடித்துத் தூக்குங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை தூசி எடுங்கள்.

பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் பிராசசர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும், என்னுடையது ஏழு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிந்தது. பதிவு செய்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று சொன்னார்கள், பதிவு செய்தேன். அதற்குப் பிறகு என் லேப்டாப்புக்கு லினக்ஸ்தான் கதி. நான்காம் வகுப்பில் தெரியாமல் போய் விழுந்த அதே இடத்துக்குத் தெரிந்தே போகப்போகிறேன். டேலிக்கு மட்டும் என்ன வழி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுப்பதாக அறிவித்தார்கள். உங்களுக்கு ஒன்று கிடைத்தால், வீட்டில் வேலைக்குப் போகிற யாராவது அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்க்க வேண்டியதில்லை. அதை மனதில் வைத்து உபயோகியுங்கள்.

எது உடைந்தாலும் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் துண்டு போட்டு மூடாதீர்கள்.

பி.கு: இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஆறாவதுலயே ரேம கழட்டுனியா?" என்று மட்டும் கேட்டாள். இன்று எக்செல் வகுப்பு இருக்குமா தெரியவில்லை :-(